நாலரை மணிக் காய்ச்சல்

காய்ச்சல் இல்லை என்று முதலில் சொன்னவன் நான்தான்.

இரண்டாயிரத்து நான்காம் வருடம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். ரெட்டியார்பாளையத்து வீட்டில் என் மகள் தேன்மொழி பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றாமல் பாயில் சுருண்டு கிடந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. "தொட்டுப் பாருங்க, கொதிக்குது" என்றாள் என் மனைவி மலர். நான் பிள்ளையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லயே. வெயில்ல ஆடிட்டு வந்திருப்பா, உடு" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனேன்.

என் உள்ளங்கை அப்படி. தட்டாஞ்சாவடியில் ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறையில் பதினாறு வருடமாக உலைக்கு முன்னால் நிற்கிறவன் நான். இரும்புப் பாகங்களைக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, உறுதியாக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. இடுக்கி பிடித்துப் பிடித்துக் கை காய்த்துவிட்டது. ஆவி பறக்கிற டீக்கிளாஸை முழுக்கையால் சுற்றிப் பிடித்து, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை இருந்தது. அந்தக் கை சொன்னதை நம்பி மூன்று நாள் வீணாகப் போனது. நாலாம் நாள் மலர் பக்கத்து வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கி வந்து வைத்தாள். நூற்று மூன்றுக்கு மேல் இருந்தது. அன்றிலிருந்து புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பேன்.

இதை எழுதுவது, வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று வாசல் வாசலாக ஏறி இறங்கும் பெற்றவர்களுக்காக. நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. நான் செய்தது என்ன என்பதை மட்டும் சொல்ல முடியும்.

அந்தக் காய்ச்சலுக்கு ஒரு நேரம் இருந்தது. தினமும் மதியம் வரை பிள்ளை நன்றாக இருப்பாள். நாலரை மணிக்கு உடம்பு தூக்கிப்போடும். கழுத்திலும் தொடையிலும் ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாகத் தடிப்பு எழும். ஏழு, எட்டு மணிக்கெல்லாம் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கிவிடும். தடிப்பும் இருந்த இடம் தெரியாது. டாக்டரிடம் காலையில் கூட்டிப் போனால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. நாங்கள்தான் பொய் சொல்கிறவர்கள் மாதிரி நிற்போம்.

பிறகு மூட்டுகள் வீங்கின. முதலில் மணிக்கட்டு, அடுத்து முழங்கால், அப்புறம் விரல்கள். காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் பிரஷைப் பிடிக்க முடியாது. ஒருநாள் மலர் அதட்டியபோது தேனு பாயில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நான் எந்திரிச்சிட்டேம்மா. கையிதான் இன்னும் எந்திரிக்கல." நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

டைபாய்டு என்றார்கள், மலேரியா என்றார்கள், மூளையில் காசம் இருக்கலாம் என்று ஒருவர் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார். சொந்தக்காரர்கள் வந்து, "சூட்டு உடம்பு, எண்ண தேச்சி உடுங்க, எளநீ குடுங்க" என்றார்கள். நான் அவர்களைக் கேலி செய்து அனுப்பினேன். ஐ.டி.ஐ. படித்தவன், டிகிரி கணக்கில் சூட்டை அளக்கத் தெரிந்தவன், எனக்கு இவர்கள் சூட்டைப் பற்றிச் சொல்ல வருகிறார்கள் என்ற திமிர். கடைசியில் அவர்கள் யாரும் செய்யாத தப்பை நான்தான் செய்தேன்.

நாலாவது மாதம் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் நோய்க்குப் பெயர் கிடைத்தது. முழு உடல் சார்ந்த இளம்பருவ மூட்டழற்சி (பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை வாதம், மூட்டோடு நிற்காமல் காய்ச்சல், தடிப்பு, கல்லீரல் வீக்கம் என்று உடம்பு முழுவதையும் தாக்கும்). வெளியிலிருந்து வந்த கிருமி எதுவும் இல்லை; உடம்பின் காவல் அணுக்கள் காரணமில்லாமல் பொங்குகின்றன, அதனால் வரும் வீக்கமும் சூடும்தான் இது என்றார் பெரிய டாக்டர். எவ்வளவு நாளில் சரியாகும் என்று மலர் கேட்டாள். அவர் பேனாவை மூடிவிட்டு, "வருஷக் கணக்குல வெச்சிக்கோங்கம்மா" என்றார்.

பிரட்னிசலோன் (அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை) ஆரம்பித்தார்கள். ஒரே வாரத்தில் காய்ச்சல் நின்றது. பிள்ளை படி ஏறினாள். கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டதையெல்லாம் மலர் நிறைவேற்றிவிட்டு வந்தாள். ஆனால் மாத்திரையைக் குறைத்தால் காய்ச்சல் திரும்பும். கூட்டினால் உடம்பு ஊதும். எட்டு மாதத்தில் என் பிள்ளையின் முகம் வட்டமாக உப்பிப்போய், கழுத்து மறைந்து, கன்னத்தில் பூனைமயிர் வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் அவளைப் பூசணி என்று கூப்பிட்டார்கள். கதவு நிலையில் அவள் உயரத்துக்குப் போட்டிருந்த பென்சில் கோடு ஒரு வருடமாக ஏறவே இல்லை. சோற்றில் உப்பும் கிடையாது. எலும்பு மெலியும், கண்ணில் புரை வரலாம் என்றார்கள். தினமும் காலையில் அந்த மாத்திரைகளைக் கொடுக்கும் வேலை என்னுடையது. மலர் சோப்பு பேக்கிங் கம்பெனிக்கு ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள். அவற்றைப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அந்த நிலையில்தான் சின்ன டாக்டரம்மாவிடம் பேசினேன்.

மேல்படிப்பு படித்துக்கொண்டே வார்டு பார்க்கும் பெண் அவர். முப்பது வயதுகூட இருக்காது. எங்களை உட்காரவைத்துப் பேசும் ஒரே டாக்டர். ஒரு பரிசோதனை நாளில், கூட்டம் குறைந்த பிறகு, மாத்திரை இல்லாமல் இந்த நோய் தானாகத் தணியவே தணியாதா என்று கேட்டேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்டார். ஹீட் ட்ரீட்மெண்ட் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப உங்களுக்கு இது ஈஸியா புரியும்" என்றார்.

ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் சில நெளிகோடுகள் வரைந்தார். "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சில புரோட்டீன் இருக்கு. சூடு பட்டா, இல்ல வேற ஏதாவது கஷ்டம் வந்தா, அது ஜாஸ்தியா உருவாவும். மத்த புரோட்டீன்லாம் வளைஞ்சு நெளிஞ்சு கெட்டுப் போவாம புடிச்சி நிறுத்தும். ஹீட் ஷாக் புரோட்டீன்னு பேரு." வெப்ப அதிர்ச்சிப் புரதம் (சூட்டிலும் நெருக்கடியிலும் செல்லைக் காக்க உருவாகும் புரதம்) என்று தமிழில் சொல்வார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"மூட்டு வீக்கம் வர்ற சில கொழந்தைங்களுக்கு, அவங்களோட எதிர்ப்பு அணுக்களே இந்தப் புரோட்டீன அடையாளம் கண்டுகிட்டு, வீக்கத்த அடக்குற பக்கம் திரும்பிடுது. அப்படி இருக்கற கொழந்தைங்களுக்கு நோய் தானா தணியறதப் பாத்திருக்காங்க."

"அப்ப நம்ம பாப்பாவுக்கும் அப்படி ஆவுமா டாக்டரம்மா?"

"இல்ல, இல்ல. அது ஒண்ணு ரெண்டு மூட்டு மட்டும் வீங்குற வகை. பாப்பாவுக்கு வந்திருக்கறது வேற. இதுல அது எப்படி வேல செய்யுதுன்னே இன்னும் தெரியல. ஆராய்ச்சில இருக்குற விஷயம், மருந்து கெடையாது. நீங்க கேட்டீங்கன்னு சொன்னேன்."

அவர் 'இல்ல, இல்ல' என்று ஆரம்பித்த பிறகு சொன்னது ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை. 'உங்களுக்கு ஈஸியா புரியும்' என்றது மட்டும் நின்றது. ஆமாம், எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கேடு.

எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொன்னால்தான் என் முட்டாள்தனம் விளங்கும். வண்டியில் சுழலும் இரும்புத் தண்டான ஒரு ஷாஃப்டைச் செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்கினால் அது கடினமாகிவிடும். ஆனால் கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தால் உடையும். அதனால் அதை மறுபடி குறைந்த சூட்டில் உலைக்குள் வைத்து, பொறுமையாக, மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். டெம்பரிங் என்போம். அந்த இரண்டாவது சூடுதான் இரும்புக்கு உடையாத தன்மையைக் கொடுக்கும். அவசரப்பட்டுப் பாதியில் அணைத்தால் அந்த ஷாஃப்ட் என்றைக்காவது ஓடுகிற வண்டியில் முறியும். பாதியில் உலையை அணைக்கிறவனுக்கு எங்கள் பட்டறையில் மரியாதை கிடையாது.

நாலரை மணிக்கு ஏறி எட்டு மணிக்கு இறங்கும் காய்ச்சலை நான் அப்படிப் பார்க்க ஆரம்பித்தேன். பிள்ளையின் உடம்பு தன்னைத் தானே டெம்பர் செய்கிறது. சூட்டில் அந்தக் காவல் புரதம் ஊறுகிறது. நாம்தான் தினமும் காலையில் மாத்திரையைக் கொடுத்து உலையை அணைக்கிறோம். முழுச் சுற்று ஓடவிட்டால் பிள்ளை உறுதியாகி வெளியே வருவாள். பட்டறையில் உலைக் கதவின் துளை வழியாகச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இதை யோசிப்பேன். யோசிக்க யோசிக்கச் சரியாகவே தோன்றியது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் மாத்திரைகளைப் பிள்ளையின் கையில் வைக்காமல் என் டிபன் பையின் பக்கவாட்டு அறையில் போட்டேன். மருந்தைத் தூக்கி எறிய மனசு வரவில்லை.

"அப்பா, மாத்திர?" என்றாள்.

"டாக்டரம்மா கொஞ்ச நாள் லீவு உட சொல்லியிருக்காங்க. அம்மாகிட்ட சொல்லாத. நீ நல்லா ஆனப்புறம் சொல்லி அசத்திடலாம்."

அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். "மூஞ்சி சின்னதாயிடுமாப்பா?" என்றாள். ஆகும் என்றேன். நானும் அவளும் சேர்ந்து மலரிடம் மறைத்த முதல் ரகசியம் அது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டை மடித்துக்கொண்டு சிரிப்பாள்.

மூன்றாம் நாள் நாலரை மணிக்குக் காய்ச்சல் திரும்ப வந்தது. மலர் பயந்தாள். அடுத்த வாரம் பரிசோதனை நாள்தானே, அதுவரை பார்ப்போம் என்றேன். அவள் ஈரத்துணி போட்டாள், பாராசிட்டமால் கொடுத்தாள். நான் மனசுக்குள் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் காய்ச்சல் இறங்கவில்லை. காலையிலும் இருந்தது, மதியமும் இருந்தது. ஏற்ற இறக்கம் நின்று ஒரே மட்டத்தில் நின்றது. உலையில் சூடு ஒரே மட்டத்தில் நின்றால் நாங்கள் நல்லது என்போம்.

பத்தாம் நாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய ரத்தப் பரிசோதனையைத் தெருமுனை லேபில் எடுத்தோம். இ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணுக்கள் குழாயில் எவ்வளவு வேகமாகப் படிகின்றன என்ற அளவு, உடம்பில் அழற்சி கூடினால் இது கூடும்) எங்களுக்கு மனப்பாடமான ஒன்று. அவளுக்கு எப்போதும் தொண்ணூறு, நூறு என்று நிற்கும். மாத்திரையோடுகூட நாற்பதுக்குக் கீழே வந்ததில்லை. அன்றைக்குச் சீட்டில் பதினாலு என்று இருந்தது.

நான் லேப் வாசலிலேயே நின்று சீட்டை மூன்று தடவை படித்தேன். வழியில் பிள்ளைக்குப் பிடித்த குலாப் ஜாமூன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். "பாரு மலரு, பதினாலு! மாத்திர பண்ணாதத..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். அவள் சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தாள்.

"நம்பரு கொறஞ்சிருந்தா புள்ள ஏங்க எந்திரிக்க மாட்டேங்குறா?" என்றாள்.

தேனு குலாப் ஜாமூனைத் தொடவில்லை. மறுநாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் சிவப்பாக வந்தது. கையில் அடி படாமலே நீலமாகக் கன்றியிருந்தது. டெம்போவுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகும்போதுகூட அந்தச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. டாக்டரம்மாவிடம் அதைக் காட்ட வேண்டும் என்ற ஆசை அப்போதும் எனக்குள் இருந்தது. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் உண்மை அதுதான்.

அவர் சீட்டைப் பார்த்தார். பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"இது கொறஞ்சிருக்கறது நல்லதுக்கு இல்லீங்க" என்றார். "ரத்தம் உறையறதுக்கான சத்தெல்லாம் செலவாயிட்டா இப்படிக் கொறையும். மாத்திரையெல்லாம் ஒழுங்கா குடுத்தீங்களா?"

"குடுத்தேன்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொன்னது. அவர் தேனுவின் பக்கம் குனிந்து, "பாப்பா, தெனமும் மாத்திர போட்டியா?" என்று கேட்டார்.

என் பிள்ளை என்னைப் பார்த்தாள். கண்ணைத் திறந்து வைத்திருக்கவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தவள், உதட்டை மடித்தாள். "போட்டேன்" என்றாள்.

எனக்காக அவள் சொன்ன பொய். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

ஸ்டீராய்டு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் உடம்பில் இப்படி நடந்தால் முதலில் கிருமித் தொற்றைத்தான் சந்தேகப்படுவார்கள். அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். ஸ்டீராய்டை ஏற்றினால் கிருமி பரவிவிடும் என்று தயங்கி, கிருமிக்கான மருந்தை முதலில் ஏற்றினார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் அதில் போயின. என் ஒரு வார்த்தையை நம்பிப் போன நேரம் அது.

மறுநாள் காலை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தாழ்வாரத்தில் மலர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். நான் டிபன் பையிலிருந்து மாத்திரைகளை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். பதினொரு நாள் மாத்திரைகள். சிலது பொடிந்திருந்தன. என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று சொன்னேன். டெம்பரிங் பற்றிக்கூடச் சொன்னேன். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போ" என்றாள். "போயி டாக்டர்கிட்ட சொல்லு. நீயே சொல்லு."

கல்யாணமான பதினோரு வருடத்தில் அவள் என்னை நீ என்று சொன்னது அதுவே முதல் தடவை.

சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. கையிலிருந்த ஃபைலோடு அப்படியே உள்ளே ஓடினார். அரை மணி நேரத்தில் ஸ்டீராய்டை நரம்பு வழியாக ஏற்றினார்கள். பிறகு எங்களுக்கு விளக்கினார்கள். மேக்ரோஃபேஜ் கிளர்ச்சி நிலை (கிருமியை விழுங்க வேண்டிய காவல் அணுக்கள் வெறிபிடித்தது போலச் சொந்த ரத்த அணுக்களையே விழுங்கும் ஆபத்து நிலை). இந்த நோயோடு சேர்ந்து சில பிள்ளைகளுக்கு வரக்கூடியது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியது தூண்டியிருக்கலாம். நிறுத்தாமலே வந்தும் இருக்கலாம்.

இரண்டு முறை உள்ளே விட்டார்கள். முதல் முறை அவளுக்கு நினைவு இருந்தது. என் விரலைப் பிடித்து, "நான் சொல்லலப்பா" என்றாள். மெதுவாக, மலருக்குக் கேட்காதபடி சொன்னாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. இரண்டாம் முறை போனபோது வாயில் குழாய் இருந்தது. ஆறாம் நாள், பகல் பதினொன்றே முக்கால் மணிக்கு, எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

எங்களில் கல்யாணம் ஆகாத பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்போம். கருவடிக்குப்பம் இடுகாட்டில் முந்தின நாள் மழை பெய்திருந்தது. வெட்டிப் போட்ட மண் ஈரமாகக் கிடந்தது. அவளை இறக்குவதற்கு முன்னால் அந்த மண்ணைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் குளிர்ந்திருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. நான்தான் கொன்றேனா?

சொல்ல முடியாது என்பதுதான் பதில். "அந்தப் புரோட்டீன் செல்லுக்குள்ள இருந்தா காவல் காக்கும்" என்றார். "செல்லு உடைஞ்சி வெளிய கொட்டிச்சின்னா, ஆபத்துன்னு கூப்பாடு போட்டு அழற்சிய இன்னும் கௌப்பி விடவும் செய்யும்னு சொல்றாங்க. எப்ப அடக்கும், எப்ப கௌப்பும்னு யாருக்கும் முழுசா தெரியாது. சூடு ஏத்தினா காவல் ஏறும்னு கணக்கு கெடையாதுங்க. உங்க ஃபர்னஸ்ல சுவிட்ச் வெளிய இருக்கு. இங்க சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியல." பிறகு சொன்னார்: "நான் அத உங்ககிட்ட சொல்லியே இருக்கக் கூடாது."

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் பாதியில கேக்கறத நிறுத்திட்டேன்" என்றேன். அவர் அழுதார். நான் அழவில்லை. அழுகிற தகுதியை எப்போதோ தொலைத்துவிட்டிருந்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். குறைப்பதானாலும் டாக்டர் குறைக்கட்டும். சீட்டில் நம்பர் குறைந்தால் பிள்ளையின் முகத்தையும் பாருங்கள். மலர் பார்த்த மாதிரி. நிறுத்தியிருந்தால் கேட்ட உடனே சொல்லிவிடுங்கள், திட்டினால் திட்டட்டும். உங்கள் தொழிலில் நீங்கள் கெட்டிக்காரராக இருந்தால் இன்னும் அதிகமாகப் பயப்படுங்கள். ஒன்றும் தெரியாதவன் டாக்டர் சொன்னதைச் செய்துவிட்டுப் போவான்.

நான் இன்னும் அதே பட்டறையில்தான் இருக்கிறேன். வேறு வேலை தெரியாது. மலரும் என்னோடுதான் இருக்கிறாள். சோறு போடுகிறாள், பேசுகிறாள். ஆனால் 'நீங்க' திரும்பி வரவில்லை. தெருவில் எல்லோரும் அதைக் கவனித்திருப்பார்கள்.

போன வருடம் ஊரெல்லாம் சிக்குன்குனியா (கொசுவால் பரவும் காய்ச்சல், மூட்டுகளை முடக்கிப்போடும்) வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு பேராவது படுத்தார்கள். காய்ச்சல் போன பிறகும் காலையில் எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்தார்கள். என் மகள் நடந்த நடை. தெரு முழுக்க அவளே நடப்பதைப் போல இருந்தது. எனக்கும் வந்தது. ஒரு விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, டம்ளரை எடுக்கப் போனேன். விரல்கள் மடங்கவில்லை. இத்தனை வருடம் இடுக்கி பிடித்த கை, ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாமல் மடியில் கிடந்தது. நான் எந்திரிச்சிட்டேன், கையிதான் இன்னும் எந்திரிக்கல என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் என் கைக்குத் தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அவள் தினமும் இப்படித்தான் எழுந்திருக்கிறாள். நாங்கள் சிரித்தோம்.

எனக்குச் சரியான பிறகு மலர் படுத்தாள். நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். சாயங்காலம் அவளுக்குக் குளிர் கண்டது. பாராசிட்டமால் ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து, இன்னொரு கையில் தண்ணீரோடு போய் நின்றேன். அவள் எழுந்து உட்கார்ந்து, தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"நீ குடுக்காத. நானே எடுத்துக்கறேன்" என்றாள்.

அலமாரியில் இருந்த அட்டையைத் தேடி எடுத்து, வீங்கிய விரலால் கஷ்டப்பட்டு அழுத்தி, ஒரு மாத்திரையை அவளே பிதுக்கிப் போட்டுக்கொண்டாள். என் உள்ளங்கையில் இருந்தது அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் வெளியே போகத் திரும்பினேன்.

"எங்க போற?" என்றாள் மலர். பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு. மணி நாலர ஆவுது."

இரண்டு வருடமாக அந்த நேரத்துக்கு நான் மட்டும்தான் காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தேன்.